அத்தியாயம் 5: அரைகுறைச் செரிமானம் – எருக்குழி ஏன் நாறுகிறது?

ஒரே மாட்டின் சாணத்தை மூன்று பங்காகப் பிரியுங்கள். முதல் பங்கை வறட்டி தட்டி வெயிலில் காயவிடுங்கள். இரண்டாம் பங்கைத் தண்ணீரில் கரைத்து, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சாண எரிவாயுக் கலனில் ஊற்றுங்கள். மூன்றாம் பங்கைக் கொட்டகைக்குப் பின்னால் கழுவுதண்ணீர் தேங்கும் பள்ளத்தில் தள்ளிவிடுங்கள். பத்துப் பதினைந்து நாள் போகட்டும். வறட்டியில் காய்ந்த புல்லின் வாசம்தான் இருக்கும். கலனின் வெளிவாயில் வழியும் சாணிப்பாலில் குனிந்து முகர்ந்தால்தான் லேசான வாடை தெரியும். பள்ளத்துப் பக்கம் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போக வேண்டும்.

வறட்டியில் நுண்ணுயிர்களுக்கு வேலை செய்ய ஈரம் கிடைக்கவில்லை. சிதைவு தொடங்கிய கையோடு நின்றுவிட்டது. கலனில் சிதைவு கடைசிவரை போய், மணமே இல்லாத மீத்தேனாகவும் கரியமில வாயுவாகவும் முடிகிறது. பள்ளத்தில் தொடங்கிய வேலை நடுவழியில் கிடக்கிறது. பண்ணை நாற்றம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த நடுவழிச் சரக்குதான். ஆகவே பண்ணையாளருக்கு வழி இரண்டே: சிதைவைத் தொடங்கவே விடக் கூடாது, அல்லது முழுதாக முடியவிட வேண்டும். இந்த அத்தியாயத்தின் யோசனைகள் எல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கும். பொடியும் தெளிப்பு மருந்தும் விற்பவர்கள் மூன்றாவது வழி ஒன்று இருப்பதாகச் சொல்வார்கள். அதையும் பார்ப்போம்.

காற்று எங்கே தொலைகிறது

30 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்ஸிஜன் சுமார் 7.5 மில்லிகிராம். தண்ணீர் அதிகம் சேராத பன்றிச் சாணக் கரைசல் ஒரு லிட்டரை ஆக்ஸிஜனைக் கொண்டே சிதைத்து முடிக்க 10 கிராமுக்கு மேல் ஆக்ஸிஜன் வேண்டும். இருப்புக்கும் தேவைக்கும் ஆயிரம் மடங்குக்கு மேல் இடைவெளி. குழியின் மேற்பரப்பில் காற்று படுகிறதே என்று கேட்கலாம். காற்றுக்குள் பரவும் வேகத்தோடு பார்த்தால், தண்ணீருக்குள் ஆக்ஸிஜன் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் பரவும். மேலே ஒரு மெல்லிய ஏடு மட்டும் காற்றைப் பார்க்கும். அங்குள்ள கிருமிகளே அதைத் தின்று தீர்த்துவிடும். ஒரு விரற்கடை கீழே போனால் காற்றில்லா உலகம்தான்.

அந்த உலகத்துக்கு ஏற்ற பாக்டீரியாக்கள் வெளியிலிருந்து வரத் தேவையில்லை. கால்நடையின் குடலிலேயே ஆக்ஸிஜன் கிடையாது. அங்கே குடியிருந்த கிளாஸ்ட்ரிடியம், பாக்டீராய்ட்ஸ் போன்றவை சாணத்தோடு கோடிக்கணக்கில் வெளியே வருகின்றன. கிருமிநாசினி தெளித்து நாற்றத்தைத் தடுக்கலாம் என்ற யோசனை இங்கேயே அடிபட்டுப்போகிறது. நாளைக் காலைச் சாணத்தில் புதிய படை வந்துவிடும்.

வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. ஏறத்தாழ 35 டிகிரி வரை, 10 டிகிரி கூடும்போதெல்லாம் இந்தக் கிருமிகளின் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். ஐரோப்பியக் கையேடுகள் குளிர்காலம் முழுக்கச் சாணக் கரைசலைத் தொட்டியில் தேக்கி வைக்கச் சொல்லும். அங்கே 5 டிகிரியில் சிதைவு தூங்கும். ஈரோட்டிலோ நாமக்கல்லிலோ அதே தொட்டியைக் கட்டி அதே போலத் தேக்கினால் சில நாளிலேயே ஊர் கூடிவிடும். வெளிநாட்டு வரைபடத்தைப் பார்த்துத் தொட்டி கட்டுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

அறுப்பவர் இருபது பேர், அடிப்பவர் இரண்டு பேர்

காற்றில்லாச் சிதைவில் வேலை கைமாறிக் கைமாறிப் போகிறது. முதலில் ஒரு கூட்டம் நொதிகளைச் சுரந்து மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவற்றைச் சிறு துண்டுகளாக நறுக்கும். அடுத்த கூட்டம் அந்தத் துண்டுகளைத் தின்று அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் போன்ற ஆவியாகும் கொழுப்பு அமிலங்களை வெளியேற்றும். வேறொரு கூட்டம் பெரிய அமிலங்களை உடைத்து அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றும். கடைசியில் மீத்தேனாக்கிகள் அவற்றை மீத்தேனாக முடித்துவைக்கும். மீத்தேனாக்கிகள் சரியாகச் சொன்னால் பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்ற வேறு வம்சம்.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. அமிலம் செய்பவை சில மணி நேரத்தில் இரட்டிப்பாகப் பெருகும். மீத்தேனாக்கிகளுக்கு நாட்கணக்கு ஆகும். வயலில் அறுக்க இருபது பேரும் களத்தில் கதிரடிக்க இரண்டு பேரும் இருந்தால் என்ன நடக்கும்? கட்டுகள் குவியும். குழியில் அமிலங்கள் அப்படித்தான் குவிகின்றன. குவியக் குவியப் பி.எச். இறங்கும், அதாவது புளிப்பு ஏறும். அது 6.5-க்குக் கீழே போனால் ஏற்கெனவே மெதுவான மீத்தேனாக்கிகள் இன்னும் சுணங்கும். பிறகு குழி தானாகச் சரியாகாது.

ஒரு வேடிக்கையான ஒப்பீடு மாட்டின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. முதல் இரைப்பையிலும் காற்றில்லாச் சிதைவுதான் நடக்கிறது. அதே அசிட்டிக், அதே புரோப்பியானிக், அதே பியூட்டிரிக். ஆனால் இரைப்பைச் சுவர் அவற்றை உடனுக்குடன் உறிஞ்சி இரத்தத்துக்கு அனுப்பிவிடும். பசுவுக்குக் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 70 சதவீதம் இந்த அமிலங்களிலிருந்து வருவது. எடுத்துச் செல்ல ஆள் இருந்தால் அது தீவனம், இல்லாவிட்டால் நாற்றம். மாட்டுச் சாணம் பன்றிச் சாணத்தைவிடவும் கோழி எச்சத்தைவிடவும் குறைவாக நாறுவதற்கும் இது ஒரு காரணம். எளிதில் சிதையும் சத்தில் பெரும்பங்கு உள்ளேயே தீர்ந்துவிடுகிறது.

மூக்கால் நோய் பார்ப்பது

கால்நடைக் கழிவுகளின் வாடையில் நூற்றுக்கும் மேற்பட்ட சேர்மங்களைப் பிரித்துக் கண்டிருக்கிறார்கள். 1992-ல் வெளியான ஒரு தொகுப்பில் மட்டும் 168. அத்தனையும் நமக்கு வேண்டியதில்லை. ஐந்தாறு வாடைகளைப் பிரித்தறியப் பழகிக்கொண்டால், குழியில் என்ன நடக்கிறது என்பதைச் சோதனைக்கூடம் இல்லாமலே ஓரளவு சொல்லிவிடலாம். பண்ணையிலேயே இருப்பவரின் மூக்கு பழகிப்போயிருக்கும் என்பதால், காலையில் வெளியிலிருந்து உள்ளே நுழையும் முதல் சில நிமிடங்களில் இதைச் செய்யுங்கள்.

புளித்த வாடை, கெட்டுப்போன வெண்ணெய் வாடை வந்தால் பியூட்டிரிக் அமிலம். இது மாவுச்சத்து புளிப்பதால் வருவது. மாட்டுக்கொட்டகையில் இந்த வாடை தூக்கலாக இருந்தால் முதலில் தீவனத் தொட்டியைப் பாருங்கள். சிந்திய தவிடு, மக்காச்சோள மாவு, மிச்சம் விட்ட கழுநீர் ஆகியவை வாய்க்காலில் இறங்கிக்கொண்டிருக்கும். வெண்பன்றிப் பண்ணையில் ஓட்டல் கழிவு மிஞ்சித் தொட்டியில் கிடக்கும். தீவனம் காசு. அது நாற்றமாகப் போவதை நிறுத்தினால் இரட்டை லாபம்.

மாவுச்சத்து தீர்ந்தபின் கிருமிகள் புரதத்தில் கைவைக்கும். அப்போதுதான் உண்மையான தொல்லை. வேலின், லியூசின் என்ற அமினோ அமிலங்களிலிருந்து ஐசோபியூட்டிரிக், ஐசோவலெரிக் அமிலங்கள் வரும். அழுக்குக் காலுறை, பழைய பாலாடைக்கட்டி வாடை என்றால் அது இவைதான். டைரோசினிலிருந்து பாரா-கிரெசால் வரும். தொழுவத்துக்கே உரிய அந்தக் கனத்த வாடையில் இதற்குப் பெரும்பங்கு. டிரிப்டோஃபானிலிருந்து இண்டோலும் ஸ்கேட்டோலும். ஸ்கேட்டோல்தான் மலநாற்றத்தின் அடையாளம். ஜெர்மானிய மருத்துவர் லூத்விக் பிரீகர் 1877-ல் மனித மலத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். காற்றில் நூறு கோடியில் ஒரு சில பங்கு கலந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். அளவைக் குறைத்துவிட்டேன், பாதியாக்கிவிட்டேன் என்றாலும் பக்கத்து வீட்டுக்காரர் அதை உணராததற்குக் காரணம் இதுதான். இன்னொன்று: இவை தூசியில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். பண்ணையை விட்டு வந்த பின்னும் சட்டையிலும் தலைமுடியிலும் வாடை நிற்பது அதனால்தான்.

(பன்றி வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்கேட்டோல் பன்றியின் குடலிலேயே உருவாகிக் கொழுப்பில் தங்கும். காயடிக்காத ஆண்பன்றி இறைச்சியைச் சமைக்கும்போது எழும் வாடையில் இதற்கும் பங்கு உண்டு. ஈரச் சாணத்திலேயே புரளும் பன்றிக்கு இந்தத் தொல்லை கூடும்.)

அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு. இதற்கு இரண்டு ஊற்றுகள். ஒன்று புரதத்தில் உள்ள சிஸ்டீன், மெத்தியோனின். மற்றொன்று சல்ஃபேட். டெசல்ஃபோவிப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் நாம் ஆக்ஸிஜனைச் சுவாசிப்பதுபோல் சல்ஃபேட்டைச் சுவாசித்து இந்த வாயுவை விடுகின்றன. மெத்தியோனினிலிருந்தே மெத்தில் மெர்காப்டனும் வரும். அது அழுகிய முட்டைக்கோஸ் வாடை. அழுகிய மீன் வாடை அடித்தால் டிரைமெத்தில் அமீன். மீன்தூள் கலந்த தீவனம் ஈரத்தில் கெட்டாலும் இந்த வாடை வரும், ஆகவே தீவன மூட்டையையும் ஒருமுறை முகர்ந்துவிடுங்கள்.

முட்டை வாடை அதிகமென்றால் சல்ஃபேட் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். உப்பான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சல்ஃபேட் இருக்கலாம். மாட்டின் குளம்புக்கு மயில்துத்தக் கரைசல் வைப்பவர்கள் மீந்ததை வாய்க்காலில் கொட்டுகிறார்கள். அது காப்பர் சல்ஃபேட். கலனில் போய் மீத்தேனாக்கிகளைக் கொன்று, சல்ஃபேட் தின்பவற்றுக்குச் சோறும் போடும். ஜிப்சமும் அவற்றுக்குச் சோறு போடும், அது கால்சியம் சல்ஃபேட். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மாடுகளுக்கு ஜிப்சம் படுக்கை போட்ட பால்பண்ணைகளில், சாணக் குழியைக் கலக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு அபாய அளவுக்கு எழுந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். வயலுக்கு ஜிப்சம் நல்லது. ஈரக் குழிக்கு வேண்டாம்.

அம்மோனியா தனிக் கதை

கண் எரிந்து மூக்கு உறைத்தால் அம்மோனியா. இதற்குக் காற்றில்லா நிலை கட்டாயம் இல்லை. மூத்திரத்தில் யூரியா இருக்கிறது, சாணத்துக் கிருமிகளிடம் யூரியேஸ் நொதி இருக்கிறது. இரண்டும் கலந்த சில மணி நேரத்தில் அம்மோனியா கிளம்பத் தொடங்கிவிடும். எனவே மூத்திரமும் சாணமும் சேர்வதைத் தாமதப்படுத்துவதே முதல் மருந்து. தரைக்கு 40 அடிக்கு 1 அடி சரிவு கொடுங்கள். மூத்திரம் தானாக வாய்க்காலுக்கு ஓடட்டும். சாணத்தை முதலில் வாரி எடுத்துவிட்டுப் பிறகு தண்ணீர் அடியுங்கள். மோட்டார் போட்டு எல்லாவற்றையும் சேர்த்து அடித்துத் தள்ளுவது வேலையாளுக்குச் சுலபம். ஆனால் ஒரு கூடைச் சாணம் பத்துக் குடம் நாற்றத் தண்ணீராகிவிடும்.

கோழிக்கு மூத்திரம் தனியே கிடையாது. எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரியும் யூரிக் அமிலம்தான் அது. காய்ந்து கிடந்தால் சாதுவாக இருக்கும். நனைந்தால் படிப்படியாக யூரியாவாகி அம்மோனியாவாகும். கொட்டகைக் காற்றில் அம்மோனியா 25 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 25 பங்கு) தாண்டினால் கோழியின் கண்ணும் சுவாசக் குழாயும் கெடும், முட்டையும் எடையும் குறையும். உங்கள் கண்ணே எரியும் அளவுக்கு ஏறிவிட்டதென்றால், தரையோரத்தில் மூச்சுவிடும் குஞ்சுக்கு ஏற்கெனவே சேதம் நடந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தீவனத்தில் தேவைக்கு மேல் போகும் புரதம் அப்படியே இங்கேதான் வந்து சேரும். பன்றித் தீவனத்தில் புரதத்தை ஒரு சதவீதப் புள்ளி குறைத்து, குறையும் அமினோ அமிலங்களைத் தனியே சேர்த்தால் அம்மோனியா சுமார் 10 சதவீதம் குறைகிறது. கடலைப் புண்ணாக்கு நல்லது என்று கைக்கு வந்தபடி அள்ளிப் போடுபவர்கள், அதில் ஒரு பகுதியைக் காற்றில் விடுகிறார்கள்.

சுண்ணாம்பு போடலாமா?

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. பதில் பி.எச்.-இல் இருக்கிறது. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும், ஒன்று கரைந்தே கிடக்கும், மற்றொன்று காற்றில் பறக்கும். பி.எச். 7-ல் பறக்கும் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. 8-ல் சுமார் 5 சதவீதம். 9-ல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு நேர்மாறு. பி.எச். 7-ல் பாதி பறக்கும், 8-ல் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, 6-ல் பத்தில் ஒன்பது பங்கு. பியூட்டிரிக் முதலிய அமிலங்களும் புளிப்பில்தான் அதிகம் பறக்கும்.

அதாவது ஈரமான கோழி எச்சத்தில் சுண்ணாம்பைக் கொட்டினால் புழு சாகலாம், முட்டை வாடை அடங்கலாம். ஆனால் அம்மோனியா புகைந்து எழும், அதோடு உரத்தின் தழைச்சத்தும் போய்விடும். ஏற்கெனவே காய்ந்த எச்சத்தின் மேல் லேசாகத் தூவினால் தொல்லை இல்லை. அமிலம் சேர்த்தால் அம்மோனியா அடங்கும், ஆனால் தேங்கிய சாணிப்பாலில் அமிலம் ஊற்றுவது ஹைட்ரஜன் சல்ஃபைடை ஒரே மூச்சில் கிளப்பிவிடும். அதைச் செய்யவே செய்யாதீர்கள். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். அம்மோனியாவோடு சேர்ந்து நுரையீரலை அரிக்கும் குளோரமின் வாயுவாகும்.

கடைகளில் விற்கும் நுண்ணுயிர்க் கரைசல்கள், நொதிப் பொடிகள், யுக்காச் சாறு ஆகியவற்றைப் பற்றி என் தீர்ப்பு இது: சோதனைகளில் இவற்றின் பலன் சீராக இல்லை, ஒரு பண்ணையில் வேலை செய்தது அடுத்ததில் செய்வதில்லை. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரே கொட்டகையின் இரண்டு பகுதிகளில் ஒன்றுக்கு மட்டும் போட்டு, விவரம் சொல்லாமல் வெளியாள் ஒருவரை முகரச் சொல்லுங்கள். அதே பணத்தில் ஒழுகும் குழாயை மாற்றினால் உறுதியாகப் பலன் தெரியும்.

முதல் வழி: தொடங்கவிடாமல் வைப்பது

ஈரத்தைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. நாமக்கல் பக்கத்து உயர்மட்டக் கூண்டுக் கொட்டகைகளில் இதை நேராகப் பார்க்கலாம். கோழி இடும் எச்சத்தில் 75 சதவீதம் தண்ணீர். பக்கவாட்டுக் காற்று நன்றாக ஓடினால் அது கூண்டுக்கு அடியில் காய்ந்து, கூம்பு கூம்பாக எழுந்து நிற்கும். மாதக்கணக்கில் கிடந்தாலும் பெரிதாக நாறாது. எங்கே ஒரு தண்ணீர் நிப்பிள் ஒழுகுகிறதோ அங்கே கூம்பு கரைந்து கூழாகும். ஈயும் புழுவும் நாற்றமும் அங்கிருந்துதான் புறப்படும். ஆகவே தினமும் ஒருவர் மேலே நிப்பிளைப் பார்ப்பதைவிடக் கீழே கூம்புகளைப் பார்த்து நடப்பது பயன் தரும். சரிந்த கூம்புக்கு நேர் மேலே குற்றவாளி இருப்பான். வெயிற்காலத்தில் கோழி அதிகம் தண்ணீர் குடித்து எச்சம் நீர்த்துப்போகும். தீவனத்தில் உப்பு கூடினாலும் அப்படியே. இதையும் கணக்கில் வையுங்கள்.

கறிக்கோழியின் ஆழ்கூளத்தில் ஈரம் 20 முதல் 25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு கை கூளத்தை இறுக்கிப் பிடித்துத் திறந்தால் அது உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. கட்டி தட்டிய இடத்தைக் கிளறுவதோடு நிற்காமல் வெளியே எடுத்துவிட்டுப் புது உமியோ மரத்தூளோ நார்க்கழிவோ போடுங்கள்.

மாட்டுச் சாணத்துக்கு எருக்குழி போடுபவர்கள் ஆழத்தில் ஆசை வைக்க வேண்டாம். மூன்றடி போதும். மழைநீர் இறங்கினால் ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் குழி நாற்றக் குளமாகிவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரப்பு கட்டுங்கள், முடிந்தால் கீற்றுக் கூரை போடுங்கள், அல்லது அந்த மாதங்களில் மட்டும் மேட்டில் குவியலாகச் சேருங்கள்.

காற்றில்லாச் சிதைவைத் தொடங்கவிடாது என்பதால், காற்றோடு மக்க வைப்பதும் இந்த வழியைச் சேர்ந்ததே. கரிச்சத்து, தழைச்சத்து விகிதம் 25-லிருந்து 30-க்கு 1, ஈரம் 50 முதல் 60 சதவீதம். கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டுக் கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. கோழி எச்சத்தில் விகிதம் பத்துக்கு ஒன்றைச் சுற்றி இருக்கும், தென்னை நார்க்கழிவில் நூற்றுக்கு மேல். காய்ந்த எடைக் கணக்கில் ஒரு பங்கு எச்சத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு நார்க்கழிவு கலந்தால் ஏறத்தாழச் சரியாக வரும். குவியலின் நடுவே 55 டிகிரிக்கு மேல் சூடு ஏற வேண்டும். ஏறி இறங்கியதும் புரட்டிப் போடுங்கள். குவியல் புளிப்பு வாடை அடித்தால் உள்ளே காற்று போகவில்லை என்று பொருள், வைக்கோல் சேர்த்துப் புரட்டுங்கள். அம்மோனியா அடித்தால் தழைச்சத்து மிஞ்சியிருக்கிறது, நார்க்கழிவோ மரத்தூளோ சேருங்கள்.

ஜீவாமிர்தம் செய்பவர்களுக்குக் காலை மாலை கலக்கிவிடும் பழக்கம் உண்டு. அந்தக் கலக்கலும் காற்றைச் சேர்ப்பதற்குத்தான், ஒரு நாள் விட்டால் வாடை மாறுவது அவர்களுக்கே தெரியும். ஆனால் 200 லிட்டர் பீப்பாயில் சரியான இந்தப் பழக்கத்தை, மாதக்கணக்கில் மூடிக் கிடந்த குழியில் செய்து பார்க்காதீர்கள். காரணத்தைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

இரண்டாம் வழி: முடியவிடுவது

சாண எரிவாயுக் கலன் என்பது மெதுவான மீத்தேனாக்கிகளுக்கு அவகாசம் வாங்கிக் கொடுக்கும் ஏற்பாடு. தமிழ்நாட்டு வெப்பத்துக்குச் சாணம் சுமார் 30 நாள் உள்ளே தங்கினால் போதும் என்ற கணக்கில் கலன்கள் கட்டப்படுகின்றன. வட இந்தியக் குளிர்ப் பகுதிகளில் 55 நாள் வரை வேண்டும். ஒரு கன மீட்டர் வாயுவுக்குத் தினம் 25 கிலோ சாணம். 2 கன மீட்டர் கலனுக்கு 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும். கலப்பினப் பசு நாலைந்து இருந்தால் இது கிடைத்துவிடும்.

மாட்டுச் சாணத்தில் மீத்தேனாக்கிகள் இரைப்பையிலிருந்தே வந்துவிடுவதால் கலன் தானாகப் பிடித்துக்கொள்ளும். கோழி எச்சத்தையோ பன்றிச் சாணத்தையோ போட வேண்டுமானால் முதலில் மாட்டுச் சாணத்தில் கலனை ஓட்டி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். கோழி எச்சத்தை மட்டுமே போட்டால் அம்மோனியா மிஞ்சி மீத்தேனாக்கிகளே நஞ்சேறிப் போகலாம்.

கலனின் வெளிவாயே நாறத் தொடங்கினால் அது அறிவிப்பு. புளிப்பு வாடை, அடுப்பில் சுடர் நிற்காமை, நுரை ஆகிய மூன்றும் சேர்ந்தால் அமிலம் குவிந்துவிட்டது. பெரும்பாலும் முதல் நாள் விசேஷத்துச் சோறும் சாம்பாரும் மொத்தமாக உள்ளே போயிருக்கும். ஊற்றுவதைச் சில நாள் நிறுத்துங்கள். வாயு எரியத் தொடங்கியதும் கால் பங்கிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். பினாயில் ஊற்றிக் கழுவிய தண்ணீரையும், மடிவீக்கத்துக்கு மருந்து போட்ட மாட்டின் பாலையும் கலனில் விடாதீர்கள்.

பெரிய பண்ணைகளின் தேக்கக் குளங்களில் எப்போதாவது தண்ணீர் ரோஜா நிறமாகவோ ஊதாவாகவோ மாறும். பயப்பட வேண்டாம். ஊதாக் கந்தகப் பாக்டீரியாக்கள் வெயிலைக் கொண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடைத் தின்று வளர்கின்றன. அந்த நிறம் வந்த குளம் பெரும்பாலும் குறைவாகவே நாறும்.

பக்கத்து வீட்டுக்கு எப்போது போகும்

பகலில் தரை சுட்டுக் காற்று மேலெழும், வாடையும் கலைந்துவிடும். பொழுது சாய்ந்து மேகமில்லாத இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து அசையாமல் படுக்கும். மேட்டுப் பண்ணையிலிருந்து பள்ளத்து ஊருக்கு அது மெல்ல வழிந்து இறங்கும். புகார் எல்லாம் விடியற்காலையையும் இரவுச் சாப்பாட்டு நேரத்தையும் பற்றியே வருவதற்குக் காரணம் இதுதான். எரு அள்ளுவது, சாணிப்பால் பாய்ச்சுவது எல்லாவற்றையும் காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகு செய்யுங்கள். வயலில் இறைத்த எருவை அன்றைக்கே உழுது மூடுங்கள். சுற்றி மரம் வைத்தால் வாடை தூக்கி வரும் தூசியில் ஒரு பகுதி இலையில் தங்கும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ல் திருத்திய நெறிகள் மேலும் பல கோழிப் பண்ணைகளை மாநில வாரியத்தின் ஒப்புதலுக்குள் கொண்டுவந்துவிட்டன. இனி நாற்றப் புகார் பஞ்சாயத்தோடு முடியாது.

மூக்கை நம்பக் கூடாத இடம்

இதுவரை மூக்கை நம்பச் சொன்னேன். மூடிய குழிக்கும் கலனுக்கும் அது பொருந்தாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பி.பி.எம். அளவில் மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். வாடை நின்றுவிட்டது என்று நினைக்கும்போது வாயு கூடிக்கொண்டிருக்கும். 500 பி.பி.எம். தாண்டினால் ஆள் மயங்கி விழுவார், அதற்கு மேல் ஓரிரு மூச்சே போதும். இது காற்றைவிடக் கனமானது என்பதால் குழியின் அடியில் தங்கும்.

தேங்கிய சாணிப்பாலில் இந்த வாயு குமிழ்களாகச் சிக்கிக் கிடக்கிறது. கலக்கினால், பம்பு போட்டு உறிஞ்சினால், கழியை விட்டுக் குத்தினால் ஒரே நேரத்தில் வெளிவரும். குழி கலக்கும் நாளில் கால்நடையைக் கொட்டகையிலிருந்து வெளியேற்றுங்கள், காற்று நன்றாக வீசும் பகல் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள். பீடி, தீக்குச்சி கூடாது. மீத்தேனும் கூடவே வரும்.

அடைப்பு எடுக்க யாரையும் உள்ளே இறக்காதீர்கள். ஒருவர் விழுந்தால் அவரைத் தூக்கத் தம்பி இறங்குவார், அவரைத் தூக்க அண்ணன் இறங்குவார். இப்படித்தான் ஒரே குழியில் மூன்று நான்கு உயிர் போகிறது. சுவாசக் கருவியும் கயிறும் இல்லாதவர் எவரும் இறங்கக் கூடாது. 101-க்கோ 112-க்கோ அழைத்துத் தீயணைப்பு மீட்புப் படையை வரவழையுங்கள். புதிதாகக் குழியோ கலனோ கட்டுவதாக இருந்தால், அடிக்கசடை வெளியிலிருந்தே பம்பு வைத்து எடுக்கும் வாயும் பூட்டுப் போட்ட இரும்பு மூடியும் வேண்டும் என்று கொத்தனாரிடம் முதல் நாளே சொல்லி, பார்த்துக் கட்டிக்கொள்ளுங்கள்.